றைவர் அண்ணனின் செங்கமாரி

அம்புலன்ஸ் சாவியால் அவர் தன் காலைச் சொறிந்துகொண்டிருந்த காட்சிதான் எனக்கு முதலில் வருகிறது. வெளிநோயாளர் பிரிவின் வாசலில், மருந்துக்கு வந்தவர்கள் எழுந்துபோன வாங்கில் உட்கார்ந்து, காற்சட்டையின் ஒரு காலை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, சாவியின் பல்லை முன்னங்காலில் மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தார். தோலில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். சில இடங்களில் இரத்தம் பொடித்திருந்தது. என்னைக் கண்டதும் சாவியைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தார். "உடம்பெல்லாம் தினவு மிஸ்ஸி. அகதிக் கேம்புக்குப் போய்ப் போய் எனக்கும் சொறி ஒட்டிட்டுது போல" என்றார். நானும் சிரித்தேன். "வெள்ளை மருந்து தாறன், கழுத்துக்குக் கீழ பூசிட்டுப் படுங்க" என்று ஒரு போத்தலை எடுத்துக் கொடுத்தேன். தோலை வெளிச்சத்தில் பார்க்கவில்லை. கண்ணின் வெள்ளையைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் உடம்பு முதன்முதலாக ஒன்றைச் சொன்னபோது நான் கேட்ட இலட்சணம் அது.

அம்புலன்ஸ் ஓட்டுகிறவர் என்பதால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் றைவர். எனக்கு றைவர் அண்ணன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த மணல் துண்டில் அவருடைய வீடு இருந்தது. வீட்டில் மனைவியோடு தங்கள் பழைய போர்த்துக்கேயப் பேச்சில் கதைப்பார். எங்களோடு எங்களைப் போலவே கதைப்பார். நான் ஆண்கள் வாட்டில் தாதி; தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் செய்ய முடியாத நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பவேண்டி வந்தால் கூடப் போக என்னைத்தான் பிடிப்பார்கள். கல்யாணம் கட்டாதவள், நாவற்குடாவில் தம்பி வீட்டில் இருப்பவள், கூப்பிட்டால் வருவாள் என்ற எண்ணம். அப்படிப் பதினொரு வருடம் அவருடைய வண்டியில் போனேன். எந்தச் சோதனைச் சாவடியில் ஆட்களை இறக்குவார்கள், எந்த வளைவில் வீதி அமிழ்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். முதுகெலும்பு உடைந்தவரை ஏற்றினால் நடை வேகத்தில் ஓட்டுவார். "பள்ளம் ஒண்டு வருது மிஸ்ஸி, தலையப் பிடிங்க" என்று முன்கூட்டியே குரல் கொடுப்பார்.

சுனாமி வந்த காலை நத்தாருக்கு மறுநாள். அவர் கடமையில் இருந்தார். மனைவி பட்டணத்துக்குள் தங்கை வீட்டில் இருந்தார். அதனால் இருவரும் தப்பினார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து ஒரு கிழமை அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. முதல் நாள் உயிரோடு இருந்தவர்களை ஏற்றினார். பிறகு ஏற்றியதெல்லாம் பிரேதம். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் கொண்டுவந்து இறக்கிய பெண்களில் ஒருவர் அவருடைய சொந்த அக்கா. அதை யாரிடமும் சொல்லவில்லை. பதிவு எழுதியவரிடம் பெயரையும் வயதையும் சரியாகச் சொல்லிவிட்டு, அடுத்த தடவைக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறார். பதிவுப் புத்தகத்தில் அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தைப் பார்த்துத்தான், மூன்று நாள் கழித்து, எனக்கு விஷயம் தெரிந்தது.

அந்த நாட்களில் பிரேதம் தூக்கிய தொழிலாளிகளுக்குச் சாராயம் கொடுத்தார்கள். கொடுக்காமல் அந்த வேலையைச் செய்விக்க முடியாது. அதை நான் பிழை சொல்ல மாட்டேன். றைவர் அண்ணனின் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியிலும் ஒரு போத்தல் கிடந்தது. என் கண்ணால் கண்டேன். பிரேத வாடை தெரியாமலிருக்கக் கைக்குட்டையில் ஊற்றி மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வதற்காக அவர் அதை வைத்திருந்தார். அதில் ஒரு மிடறும் குடித்ததில்லை. ஆனால் அது எதற்கு என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. குடிகாரர்கள் என்று ஊர் சொல்லும் பறங்கியர், அம்புலன்ஸ் ஓட்டுகிறவர், வீட்டையும் அக்காவையும் பறிகொடுத்தவர், பெட்டிக்குள் சாராயப் போத்தல். எல்லாம் விளங்கிவிட்டதென்று நினைத்தேன். அந்த விளக்கத்தை நான்கு வருடம் மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

சுனாமி கழிந்து நாலாம் வருடக் கடைசியில் நான் கொடுத்த அந்த வெள்ளை மருந்தைப் பூசியும் தினவு போகவில்லை. ஆள் மெலிந்தார். சாரத்தைக் கட்டினால் இடுப்பில் நிற்காது என்று பகிடியாகச் சொல்வார். இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். அவருடைய குடும்பத்தில் யாருக்கும் சீனி வருத்தம் இருந்ததில்லை. வயது போனால் வரும்தானே என்று அதையும் தள்ளிவிட்டோம். யுத்தம் முடிந்த அந்த வருடத்தின் தைப்பொங்கல் கழிந்த கிழமையில், கண்ணும் தோலும் மஞ்சளாகி, அவரே நடந்து வாட்டுக்கு வந்தார். அப்போது மழை வெள்ளம். வவுணதீவுப் பக்கமிருந்தும் வாவிக்கு அப்பாலுள்ள மற்றக் கிராமங்களிலிருந்தும் காய்ச்சல்காரர்கள் வந்து குவிந்திருந்தார்கள். கட்டிலுக்குக் கீழேயும் பாய் போட்டிருந்தோம். எத்தனையோ பேரைக் கட்டிலில் கொண்டுவந்து சேர்த்த மனிதருக்கு இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பாய்தான் கிடைத்தது.

அன்று கடமையில் இருந்தவர் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாத சின்ன டொக்டர். தூக்கமில்லாத கண். நோயாளியின் விபரம் எழுதும் டிக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை நிமிராமல், "றைவருக்குச் செங்கமாரி. குடிக்கிறவரா மிஸ்ஸி?" என்று என்னைக் கேட்டார். றைவர் அண்ணன் சிறுநீர் எடுத்துக் கொடுக்கக் கழிவறைக்குப் போயிருந்தார். இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார். அவரையே கேட்டிருக்கலாம். நான் பக்கத்துக் கட்டிலுக்குச் சலைன் போத்தல் மாற்றிக்கொண்டே சொன்னேன்: "பறங்கி ஆக்கள்தானே டொக்டர். கேக்கவும் வேணுமா?"

டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர் என்று டிக்கட்டின் முதல் வரியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. றைவர் அண்ணன் போத்தலோடு திரும்பி வந்தார். பால் விடாத தேநீரின் நிறத்தில் சிறுநீர். அதை மேசையில் வைத்துவிட்டு, தன்னைப் பற்றி ஒன்று எழுதி முடிந்ததே தெரியாமல், பாயில் போய் உட்கார்ந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டார்.

இதை எழுதும்போதும் எனக்கு வாய் கசக்கிறது. ஆரம்பத்தில் அந்தக் கசப்பை மற்றவர்கள் மீது துப்பிக்கொண்டிருந்தேன். துப்புவதற்கு ஆட்களும் இருந்தார்கள். மறுநாள் வாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த பெரிய டொக்டர் முதல் வரியை வாசித்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே சொன்னார்: "இனிக் குடிக்கக் கூடாது, விளங்குதா?"

"நான் குடிக்கிறல்ல டொக்டர்" என்றார் றைவர் அண்ணன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. எங்களுக்குப் பொய் சொல்லலாம், ஈரலுக்குச் சொல்ல ஏலாது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வயிற்றுக்கு ஸ்கான் எடுத்தார்கள். வயிற்றில் காற்று, சதையி தெரியவில்லை என்று எழுதி வந்தது. சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு. கணையம் என்றும் சொல்வார்கள். தெரியவில்லை என்று எழுதியிருந்ததை நாங்கள் எல்லோரும் ஒன்றுமில்லை என்று வாசித்தோம். ஒன்பதாம் நாள் விற்றமின் மாத்திரைகளைக் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது கொடுத்த துண்டிலும் அதே முதல் வரி.

வீட்டில் நடந்தது அதைவிட அசிங்கம். கிரான் பக்கமிருந்து செங்கமாரி இறக்குகிறவர் என்று ஒருவர் வந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் அவருடைய கையைக் கழுவவைத்தார். தண்ணீர் மஞ்சளானதும், பாருங்கள் நோய் இறங்குகிறது என்று காட்டிவிட்டுப் போனார். கோயில் பாதர் வந்து, "ஆண்டவருக்கு ஒளிக்க ஏலாது மகன், ஒத்துக்கொண்டா மனம் லேசாகும்" என்றாராம். எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் கூட்டமாகப் பார்க்கப் போய், அவருடைய மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "இனியாவது விடுங்க றைவர்" என்று அறிவுரை சொல்லித் திரும்பினார்கள். நானும் ஒருநாள் போனேன். நானும் கிட்டத்தட்ட அதையே சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "சரி மிஸ்ஸி" என்றார்.

பங்குனி மாதத்தில், நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விடும் நேரத்தில், அவருடைய மனைவி வாட்டுக்கு வந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு பொருளும் இல்லை, குடை மட்டும். என்னை ஜன்னலோரம் கூட்டிப்போனார்.

"மிஸ்ஸி, உங்களிட்ட ஒண்டு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. இவர் ஆஸ்பத்திரிக்குள்ள குடிக்கிறவரா?"

"ஏன் அக்கா? வீட்ட குடிக்கிறதானே?"

"வீட்டயா?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "கட்டி இருபத்தாறு வருசம் மிஸ்ஸி. நத்தாருக்கு நான் போடுற வைனக்கூட வாற ஆக்களுக்கு ஊத்திக் குடுப்பாரு, தான் தொடமாட்டாரு. ஸ்டியறிங் பிடிக்கிற கை எண்டு சொல்லுவாரு. ஆனா டொக்டர்மார் எல்லாரும் குடிதான் எண்டு எழுதியிருக்காங்க. படிச்ச ஆக்கள் இத்தின பேர் பொய்யா எழுதுவாங்களா? அப்ப எனக்குத் தெரியாம எங்கயோ குடிச்சிருக்காரு. நீங்கதானே அவரோட போய் வாற ஆள். சொல்லுங்க."

"சுனாமி நேரம் வண்டிப் பெட்டிக்குள்ள போத்தல் ஒண்டு கிடந்திச்சே அக்கா" என்றேன்.

"அது லேஞ்சியில ஊத்தி மூக்கில கட்டுற. உங்களுக்கு அது தெரியாதா?"

எனக்குத் தெரியாது. இத்தனை பேர் எழுதியதாக அவர் சொன்னது முழுவதும் ஒரே ஆளுடைய வாயிலிருந்து வந்தது என்பது அந்த ஜன்னலோரத்தில்தான் எனக்கு உறைத்தது. "அவர் குடிச்சு நான் கண்டதில்ல அக்கா. எங்கயோ பிழை நடந்திருக்கு" என்றேன். எங்கயோ என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினார். குடையை ஜன்னலோரத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்றே நான் பெரிய டொக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. நான்கு நாள் போகவில்லை. ஏச்சு விழும் என்ற பயம். இத்தனை நாளும் எங்கே இருந்தாய் என்று கேட்பாரே என்ற பயம். ஒரு மனிதர் வீட்டில் மஞ்சளாகிக் காய்ந்துகொண்டிருக்க, நான் நாலு நாளும் சீருடையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துபோனேன். ஐந்தாம் நாள், தெற்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண் வைத்தியரிடம் சொன்னேன். சிங்களவர். தமிழ் அரைகுறை. "றைவருடைய டிக்கட்டில் பிழை இருக்கு டொக்டர், அவர் குடிக்கிறதே இல்லை" என்றேன். யார் செய்த பிழை என்று சொல்லவில்லை. அவர் டிக்கட்டை ஒருமுறை பார்த்தார். "ஆளைக் கொண்டு வாங்க" என்றார்.

றைவர் அண்ணன் மறுநாள் வந்தார். பெண் வைத்தியர் அவரை வெளிச்சத்துக்குத் திருப்பினார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், சொறிந்த தழும்புகளைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஐயா, கக்கூஸ் போறது என்ன கலர்?"

"வெள்ள டொக்டர். வாவிக் களி மாதிரி. எண்ணெய் மிதக்கும், தண்ணி ஊத்தினாலும் போகாது."

"எவ்வளவு நாள்?"

"பொங்கலுக்கு முந்தியே."

"யாருக்கும் சொல்லல்லயா?"

"யாரும் கேக்கல்லயே டொக்டர்."

பெண் வைத்தியர் பேனையை எடுத்து ஒரு தாளின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். ஈரலிலிருந்து பித்தம் இறங்கி வரும், வாய்க்கால் போன்ற கான் ஒன்று. சதையிக்குள்ளே செரிமான நீர் ஓடும் கான் இன்னொன்று. இரண்டும் சதையியின் தலைப்பக்கத்தில் கூடி ஒரே வாயால் குடலுக்குள் விழுகின்றன. சதையியின் கானுக்குள் உள்சுவரில் ஒரு கட்டி வளர்ந்தால் நோ இருக்காது, மாதக்கணக்கில் சத்தமே காட்டாது. அது பக்கத்துப் பித்தக் கானை நெரிக்கும்போதுதான் உடம்பு மஞ்சளாகும். குடலுக்குப் போகவேண்டிய பித்தம் போகாததால் மலம் வெளிறும். அது இரத்தத்தில் ஏறுவதால் சிறுநீர் கறுக்கும், தோல் தினவெடுக்கும். சதையி கெடுவதால் திடீரென்று சீனி வரும், ஆள் மெலிவார். அரைத் தமிழில் அவர் சொன்னதை நான் முழுத் தமிழில் சொன்னேன். ஆனால் றைவர் அண்ணனுக்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தாளைக் கையில் வாங்கி, இரண்டு கான்களும் கூடும் இடத்தில் விரலை வைத்தார். "வாவி முகத்துவாரம் மூடிக் கிடந்தா வயல் வட்டைக்குள்ள வெள்ளம் ஏறுறதுதானே டொக்டர். வெட்டிவிட ஏலுமா?" என்று கேட்டார்.

பெண் வைத்தியர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாக மனதில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தினவு. சீனி. மெலிவு. சிறுநீரின் நிறம். எல்லாவற்றையும் நான் கண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருந்தேன்.

வேறு மாவட்டத்துக்கு அனுப்பி எடுத்த பெரிய ஸ்கானில், சதையியின் தலையில் கட்டி தெளிவாகத் தெரிந்தது. பெண் வைத்தியர் சொன்னார்: இது பெரிய அறுவை, கத்தி பிடிக்கத் தெரிந்த எல்லோரும் செய்யும் வேலை இல்லை, இதையே திரும்பத் திரும்பச் செய்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும், கொழும்பில் தனக்குப் படிப்பித்தவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன். கொழும்பில் இடம் கிடைக்கக் கிழமைகள் ஆயின. அந்த இடைவெளியில், வீட்டார் பதறிப்போய், வார இறுதியில் பக்கத்து ஊருக்கு வரும் ஒரு தனியார் மருத்துவ நிபுணரிடம் அவரைக் கொண்டுபோனார்கள். நானும் கூடப் போனேன். பெண் வைத்தியரின் கடிதத்தை மேலே வைத்து, ஸ்கான் படம் இருந்த பெரிய உறையையும் மேசையில் வைத்தேன். நிபுணர் கடிதத்தைத் தள்ளிவிட்டு அடியில் கிடந்த பழைய துண்டை இழுத்து எடுத்தார். முதல் வரியை வாசித்தார். "முதல்ல குடிய நிப்பாட்டட்டும். ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றார். உறையைத் திறக்கவே இல்லை.

"அது பிழையாக எழுதினது சேர். அவர் குடிக்கிறதில்லை."

"நீங்க டொக்டரா, நேர்ஸா?"

வாசலில் மணி அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். சலைன் மாற்றிக்கொண்டே விளையாட்டாக நான் சொன்ன ஒரு வசனத்தை எழுதி வைத்து இத்தனை பேர் நம்பினார்கள். அதே வாயால் உண்மையைச் சொன்னபோது கேட்க ஆள் இல்லை. அந்த அறையின் குளிரும் அந்த மனிதரின் சுத்தமான நகங்களும் இன்றும் என் நினைவை விட்டுப் போகவில்லை.

சித்திரைப் புத்தாண்டு கழிந்து இடம் கிடைத்தது. தான் ஓட்டிய வண்டியிலேயே றைவர் அண்ணன் பின்னால் படுத்து வந்தார். புதிய றைவர் பள்ளங்களில் எல்லாம் இறக்கி ஏற்றினார். "இடப்பக்கம் எடு மனே" என்று இவர் படுத்தபடியே முனகினார். பிறகு அதையும் விட்டுவிட்டார். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அவரைத் தாங்கி வெயிலில் நிறுத்திவைத்தேன். மெத்தையைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் அவரைக் கண்டு கை காட்டிய ஒரு சிப்பாய், மஞ்சள் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். தன் நண்பனிடம் போத்தலைச் சாய்ப்பது போல் கட்டைவிரலை வாய்க்குக் காட்டிச் சிரித்தார். றைவர் அண்ணன் அதைப் பார்த்தார்.

கொழும்பில் இருந்த சத்திரசிகிச்சை நிபுணர் வயதானவர். எங்களை உட்காரவைத்தார். படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். கட்டி பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்டுவிட்டது, இனி வெட்டி எடுக்க முடியாது என்று மறைக்காமல் சொன்னார். தை மாதத்திலேயே வந்திருந்தால் முடிந்திருக்குமா என்று கேட்டேன். "முடிந்திருக்கலாம். முடியாமலும் போயிருக்கலாம். இந்தக் கட்டி அப்படிப்பட்டது. ஆனால் பார்த்திருப்போம்" என்றார். பிறகு கோவையைப் புரட்டி, முதல் வரியில் விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை யார் சொன்னது?"

"தெரியாது சேர்" என்றேன்.

அவர் அந்த வரியைக் குறுக்கே அடித்துக் கையெழுத்து வைத்தார். அடைப்பைத் தாண்டிப் பித்தம் இறங்குவதற்காக, வாய்வழியே ஒரு கமெரா இறக்கி, கானுக்குள் சிறு குழாய் ஒன்றை வைத்தார்கள். நாலைந்து நாளில் மஞ்சள் வடியத் தொடங்கியது, தினவு நின்றது. மாதக்கணக்காகச் சொறியாமல் தூங்காதவர், கைகளை மார்பில் வைத்துக்கொண்டு அசையாமல் தூங்கினார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. இந்தத் தூக்கம் அவருக்குத் தை மாதமே கிடைத்திருக்க வேண்டியது.

நாங்கள் ஊருக்குத் திரும்பியது யுத்தம் முடிந்ததென்று அறிவித்த நாளில். வீதி நெடுகக் கொடி, பட்டாசு, மேளம். ஒரு சந்தியில் வண்டியை மறித்து, ஜன்னல் வழியாகப் பாற்சோற்றுத் துண்டுகளை நீட்டினார்கள். வடக்கில் எத்தனை பேர் செத்துக் கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத நாள். மறுக்கப் பயந்து சிரித்துக்கொண்டே வாங்கினேன். என் சிரிப்பை நானே வெறுத்தேன். எத்தனை இலகுவாக அது எனக்கு வருகிறது! சனக்கூட்டம் கடந்ததும் சோற்றை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினேன். பட்டாசுச் சத்தம் தூரமானது. அப்போதுதான் சொன்னேன்.

"அண்ணன், டிக்கட்டில குடி எண்டு எழுதினது சின்ன டொக்டர். ஆனா சொல்லிக் குடுத்தது நான்."

அவர் வண்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எத்தின வருசம் என்ட வண்டியில வந்தீங்க மிஸ்ஸி?"

"பதினொரு வருசம்."

"ஒரு நாளாவது என்னில சாராயம் மணத்திச்சா?"

"இல்ல அண்ணன்."

"அப்ப எப்பிடிச் சொன்னீங்க?"

பதில் இருந்தது. பறங்கி என்பதால் சொன்னேன் என்பதுதான் பதில். அதை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. அவர் காத்திருந்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வாழைச்சேனை தாண்டி வீடு வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் கூடக் கிடைக்கலாம் என்றார்கள். ஒருமுறை ஏற்றிக்கொண்டார், போதும் என்றுவிட்டார். கடைசி மாதங்களில் வேலை முடிந்து தினமும் அவருடைய வீட்டுக்குப் போய், நோவுக்கு மருந்து கொடுத்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருவேன். வரவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தண்ணி என்பார், போதும் என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போகிறேனோ என்று சந்தேகம் வந்தபோது இன்னும் அருவருப்பாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. புரட்டாசியில், காலை வெயில் முற்றத்தில் விழுந்த நேரம், மனைவியின் கையைப் பிடித்தபடி அடங்கினார்.

சவ வீட்டுப் பந்தலில், எங்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாக அலுவலர் சோடா குடித்துக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம், "தங்கமான மனிசன். குடிதான் கெடுத்திச்சு" என்றார். நான் எழுந்து நின்றேன். "அவர் வாழ்க்கையில குடிச்சதில்ல. குடிக்கிறவர் எண்டு டொக்டருக்குச் சொன்னது நான்" என்றேன். "சரி, விடுங்க மிஸ்ஸி. இப்ப அதக் கதைச்சு என்ன" என்றார் அலுவலர். கதிரைகள் நகர்ந்தன, பேச்சு மாறியது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் இளைப்பாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது எங்கள் ஊரிலேயே புற்றுநோய்க்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெரிய ஸ்கான் எடுக்க வேறு மாவட்டத்துக்கு ஓடவேண்டியதில்லை. கொழும்பு வீதியில் யாரும் மறிப்பதில்லை. பழைய ஆட்களைக் கண்டால், "அந்தக் காலம் அப்பிடி, யுத்தம், றோட்டும் இல்ல, என்ன செய்யிற" என்று றைவர் அண்ணனைப் பற்றிச் சொல்கிறார்கள். கடலின் மீதும் யுத்தத்தின் மீதும் போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. நான் விடுவதில்லை. பெண் வைத்தியர் இருந்தது அதே ஆஸ்பத்திரியில்தான், கேட்கவேண்டிய கேள்விக்கு ஸ்கானும் வேண்டாம் றோட்டும் வேண்டாம் என்று சொல்கிறேன். அவர்கள் நேரம் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டுத் திட்டத்தில் தனியே இருக்கிறார். முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தோம், மழையைப் பற்றிக் கதைத்தோம். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருடமாகச் சொல்லாததை, குரல் உயர்த்தாமல் சொன்னார்.

"மஞ்சளானதில இருந்து அவர் இருந்தது எட்டு மாசம் மிஸ்ஸி. அதில முதல் ரெண்டு மாசமும் நான் அவரோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. சாப்பாட்டக் கொண்டு வச்சிட்டு, கிறுகிப் பார்க்காமப் போயிருவன். எனக்கு ஒளிச்சுக் குடிச்ச மனிசனுக்கு அது காணும் எண்டு நினைச்சன். என்ன எண்டு கேப்பாரு. நான் வாய் திறக்கமாட்டன். உங்களிட்ட வந்து கேட்ட அண்டைக்குத்தான், மழையில நனைஞ்சு ஓடிப் போய், அவர்ட கையப் பிடிச்சன்."

கோப்பை நான் தொடாமலே முன்னால் இருந்தது.

"தேத்தண்ணி ஆறுது. குடிங்க" என்றார்.

கோப்பையை எடுத்தேன். நான் குடித்து முடிக்கும்வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.